மச்சான் காலில் வைத்த மண்

மழை விட்டு மூணாம் நாள் மண் எடுக்க நல்ல நாள், ஐயா. ஈரமும் இருக்கும், கையிலும் ஒட்டாது. வடமாலபேட்டைப் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் நாலு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. ஏரிக்கரை, மலையடிவாரம், மாட்டுக் கொட்டாய் என்று சொன்ன இடத்தில் ஒரு ஜாண் தோண்டிப் பையில் கட்டி வர வேண்டும். மண்ணுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கில் இருக்குதாம். ஒன்றைக் கொல்ல இன்னொன்று விஷம் கக்குமாம். அந்த விஷத்தைப் பிடித்துத்தான் சீழ்ப்புண்ணுக்கு மருந்து தேடுகிறோம் என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் யாமினி அம்மா சொல்வார்கள்.

என் இடுப்பு போய் ஒரு வருஷம் ஆச்சு. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் என் வீட்டுக்காரி கன்னிகாவின் தம்பி முனிரத்தினத்தை இட்டுக்கொண்டு போவேன். அவன் தோண்டுவான், நான் பையைக் கட்டுவேன். வெளி ஆளை வைத்துத் தோண்டினால் வேலை போய்விடும்.

அன்றைக்கு மாட்டுக் கொட்டாய் ஓரம் மண்வெட்டி நழுவி அவன் காலில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். எப்படிப் பட்டது என்று கேட்பார்களே.

"மருந்து செய்யற மண்ணே கையில கீது, ஆஸ்பத்திரி எதுக்குடா?" என்றேன்.

"அப்போ உன் இடுப்புலயும் ரெண்டு கூடை அப்பிக்கோ மாமா" என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினான். மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டினேன்.

யாமினி அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். சில கிருமி ஆளையே கொல்லும், அதற்குத்தான் உங்களுக்கு டிடி ஊசி என்று. எனக்கு ஜனவரியில் போட்டார்கள். அவன் பேர் பட்டியலில் இல்லை. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

எங்கள் மோட்டார் கொட்டாயில்தான் அவன் படுப்பான். எட்டாம் நாள் தாடை இறுகிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. அதனால் கதவைச் சாத்தினேன். சத்தம் கேட்டாலும் துடித்தான். யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதென்று வெளியே பூட்டும் போட்டேன். கன்னிகா கேட்டாள். குப்பம் டவுனுக்குக் கல்லு வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன்.

"எங்கிட்ட சொல்லாமலா போவான்?" என்றாள்.

மறுநாள் தண்ணீர் கொண்டு போனேன். அவன் தொண்டையில் இறங்கவில்லை. அவன் மண் தரையில் விரலால் எழுதினான். அஞ்சாவது வரை படித்தவன். நான் கைநாட்டு என்றுதான் அவனுக்குத் தெரியும். போன வருஷம் யாமினி அம்மா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததை, இந்த வயசில் கேலி பண்ணுவார்கள் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஆஸ்பத்திரி. அக்கா. ரெண்டே சொல்.

"எனக்கு எங்கடா படிக்க வருது" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காலால் தள்ளித் தரையைச் சமமாக்கிவிட்டுப் பூட்டினேன். அடுத்த நாள் திறந்தபோது உயிர் இல்லை.

நான்தான் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் முனிரத்தினம் என்னைத் திட்டிக்கொண்டு போயிருக்க மாட்டான். மாமாவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்றுதான் நினைத்திருப்பான்.