‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கு

ஹ்சின்சு நகரின் சில்லு வடிவமைப்புக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய்ப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் எங்கள் மூத்த பொறியாளர், சிக்கனத்தின் செல்வி, விழிப்பின் விளக்கு, ஃபான் ஷூ-சென் அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிக்கும் மடல்.

அக்கா, நகத்தளவு சில்லுக்குள் வேலையின்றிக் கிடக்கும் பகுதிகளைத் தானே தேடி மின்சாரத்தை நிறுத்தும் மென்பொருள் கருவியை உருவாக்கியவர் நீங்கள். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்குள் நம் சில்லுகள் ஒரே பேட்டரியில் பத்தாண்டு ஓடுவது உங்கள் கைவண்ணம். வழக்கமான மடலென்றால் இத்தோடு வாழ்த்தி முடித்திருப்போம்.

அச்சில்லில் ஒரு சிறு காவல் பகுதி உண்டு. இதயம் தடுமாறினால் மற்ற பகுதிகளை எழுப்புவதே அதன் பணி. மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். ஒவ்வொரு புதிய வடிவத்திலும், “இதை அணைக்கட்டுமா?” என்று கருவி கேட்டது. பத்தொன்பது முறையும் “வேண்டாம்” என்றீர்கள். மேலாளர் பெங் ஒருமுறை கிண்டலடித்தார்: “தூங்குற காவக்காரனுக்கு எதுக்குக்கா தெண்டச்சோறு?”

“அவன் தூங்கல தம்பி. அவன் தூங்கினா இன்னொருத்தர் முழிக்கவே மாட்டார்” என்றீர்கள்.

திங்களன்று உங்கள் பெயர் கணினியிலிருந்து நீக்கப்பட்டது. செவ்வாயன்று, இயந்திரம் மக்கர் பண்ணாதிருக்க நம்மூரில் வைக்கும் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தைக் கணினிமேல் வழக்கம்போல் வைத்துவிட்டு, இருபதாம் வடிவத்தை ஓட்டினோம். கருவி எதுவுமே கேட்கவில்லை. மின்செலவு என்றுமில்லாத அளவு குறைந்திருந்தது. கை தட்டினோம்.

இன்று காலைதான், வேலையற்றவை என்று கருவி நீக்கியவற்றின் பட்டியலைப் படித்தோம். முதலில் காவல் பகுதி. அடுத்து, நம்மிடம் கேள்வி கேட்கும் கட்டம். அதன்கீழ் எங்கள் ஆறு பேரின் பெயர்கள். வெட்கத்தோடு சொல்கிறோம், கருவிமேல் பிழையில்லை. பதினோரு ஆண்டுகளாக உங்கள் நிழலில் இருந்த நாங்கள் ஒருமுறைகூட “வேண்டாம்” என்றதில்லை.

மாலையில் சில்லு உற்பத்திக்குப் போகவேண்டியிருந்தது. மதியம் ஆறு பேரும் ஒன்றாக அமர்ந்து “வேண்டாம்” என்று தட்டினோம். திரையில் ஒரே சொல் வந்தது: “யார்?” மறுபடி தட்டினோம். மறுபடியும் அதே சொல்.

பெங் திரையருகே குனிந்தார். “நாமதான்னு இதுக்கு எப்படிப் புரியவைக்கிறது?” என்றார். பிறகு, உற்பத்தியை நிறுத்தும்படி தாளில் எழுதி, நாங்களே உற்பத்திக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நேரே இந்த விழாவுக்கு வந்தோம்.

நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள், அக்கா. இனி நிம்மதியாகத் தூங்குங்கள். அந்தக் கேள்வி இன்னும் திரையில் நிற்கிறது. உங்களுக்கு வணக்கமாகவும் அதற்கு விடையாகவும் கையெழுத்திடுகிறோம்:

பெங் குவாங்-யௌ, லூ மெய்-ஃபாங், ஷென் போ-வெய், தூ யா-ஹுய், யு செங்-தாவ், கான் லி-ச்சின்.