அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீடு

மணி ஒன்பதே முக்கால். செம்பாக்கம் ஏரிக்கரை ரோடு. எண்பத்தொன்பதாம் வருஷம் அந்தப் பக்கம் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது... தவளைச் சத்தம், சேற்று நாற்றம், அவ்வளவுதான். அந்த இருட்டில் பஞ்சரான மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, கையில் டார்ச்சோடு போகிறார் தனசிங்.

நம் வேதசிரோமணியின் அக்கா புருஷன்தான். அவன் இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்கிறேன். இருந்தால் என்னை வாயைத் திறக்க விடமாட்டான்.

தனசிங்குக்கு வீடு வாங்கி விற்கிற தொழில். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் எவனுக்குப் பண நெருக்கடி, எந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்று மோப்பம் பிடிப்பதில் பலே கில்லாடி. செம்பாக்கத்தில் சரோஜினி டீச்சரின் மாடி வீட்டின்மேல் கண் விழுந்தது. பாதி விலைக்குக் கேட்டார். டீச்சர் முடியாது என்றார். மனிதர் விடுவாரா? ஊர் முனை டீக்கடையில் பத்து நாள் உட்கார்ந்து ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். டீச்சர் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் ஒரு பொம்பளை நிற்கிறாள்... தலை குளித்த ஈரத்தோடு... சீயக்காய் வாசனை தெரு வரைக்கும் வருகிறது, என்று.

எல்லாம் சொந்தக் கற்பனை. அந்த வீட்டில் யாரும் செத்ததில்லை. ஆனால் மாடியில் குடியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். விலை கேட்டு வந்தவர்கள் அப்படியே பின்வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் டீச்சர் பாதி விலைக்கு இறங்கி வந்தார். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

"எட்டு வருஷம் கீழ நான் தனியா இருந்த வீடு சார். அங்க யாருமே இல்ல."

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார் தனசிங். அந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ முறை நினைத்து அழுதிருக்கிறார்.

இதற்குப் போட்ட பணம் அவருடையதும் இல்லை. மனைவி சாராளுக்கு அவள் அப்பா சேலையூரில் எழுதிவைத்த வீட்டை விற்ற பணம். தை பிறப்பதற்குள், குடியிருந்த அந்தச் சேலையூர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இதை நல்ல விலைக்குத் தள்ளி, அவளுக்கு வேறு வீடு வாங்கித் தருவதாகப் பேச்சு. இது விற்காவிட்டால் அவளுக்கு வேறு நிழல் இல்லை.

மொபெட் பஞ்சரான அன்று சாயங்காலம்தான், வீடு வாங்க முதல் ஆள் வந்தார். அரிகிருஷ்ணன், திருவொற்றியூர்க்காரர். டீக்கடைக் கதை அவர் காதுக்கு எட்ட வழியே இல்லை. தனியாகப் போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நேராக சேலையூருக்கு வந்து கத்தினார்.

"இன்னா சார், வெள்ளாடுறியா? வூடு வித்தாச்சுன்னு உள்ள ஒரு அம்மா சொல்லுது. தல குளிச்ச ஈரத்தோட ஜன்னலாண்ட நின்னுகினு கீது."

அதற்காகத்தான் அந்த இருட்டில் போனார். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. கதவைத் திறந்தார். சுண்ணாம்பு வாடை. அறை அறையாக டார்ச் அடித்தார். யாரும் இல்லை. சமையல்கட்டில் மட்டும்... சீயக்காய். ஜன்னலுக்குக் கீழே தரையில் சொட்டு... சொட்டாக... தண்ணீர்.

அதற்குப் பிறகு ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் அவளே பதில் சொல்லி அனுப்பினாள். தனசிங் கூடவே போனால் அவள் இல்லை. அவர் பீடி வாங்க நகர்ந்தால் போதும், வந்துவிடுவாள். அவர் கண்ணுக்கு மட்டும் ஒருநாளும் படவில்லை.

தை பிறந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் சாராளை அந்த வீட்டுக்கே கூட்டிவந்தார். சாராள் கண்ணுக்கும் யாரும் படவில்லை. ஆனால் பால்காரன் வருவதை நிறுத்தினான். கேட்டால், அம்மா வேண்டாம் என்றார்களே என்றான். தபால்கள், இந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று எழுதப்பட்டுத் திரும்பிப் போயின. சொந்தக்காரர்கள் வாசல்வரை வந்துவிட்டு, காலி செய்துவிட்டார்களாம் என்று போனார்கள். சாராள் சண்டைகூடப் போடவில்லை.

"நீங்கதான அவளைக் கூட்டிட்டு வந்தீங்க? நீங்களே போகச் சொல்லுங்க," என்றாள்.

தனசிங் சமையல்கட்டில் முழங்கால் போட்டார். "நான் சொன்னது பொய்ம்மா. அப்படி ஒருத்தி கிடையாது. நீ கிடையாதும்மா," என்று ஜன்னலைப் பார்த்துக் கெஞ்சினார். விடியவிடியக் கெஞ்சினார். ஜன்னலடியில் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை, கதவைத் தட்டும் சத்தம். சர்ச்சில் மணியடிக்கிற சின்னப்பன். கையில் ஒரு மாலை. கதவைத் திறந்த தனசிங்கைப் பார்த்தவன் இரண்டடி பின்னால் போனான். சந்தா வாங்க முந்தாநாள் வந்தானாம். ஜன்னலில் இருந்த அம்மா, வீட்டில் இரண்டு பேரும் போய்விட்டார்கள், அடக்கத்துக்குச் சொல்லிவிடு என்றார்களாம்.

"ரெண்டு குழியும் வெட்டியாச்சு ஐயா," என்றான்.

சாராள் உள்ளிருந்து வந்தாள். "அடக்கம் என்னைக்குன்னு அவ சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சனிக்கிழமைம்மா. நாலு மணிக்கு."

அன்றைக்கு வியாழன்.