ஐந்தாவது கப்பி

காலை எட்டு ஐந்து. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறியதும் கண்ணில் பட்டது, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் வைத்திருந்த ஒரு செருப்புப் பெட்டி. எனக்கு முன் சீட்டில் கல்லூரிப் பையன்கள் இருவர்; பெட்டி அவர்களில் ஒருவனுடையது.

“சீக்கிரமா தோக்கணுமாம் மச்சான், அப்பத்தான் சீக்கிரமா கத்துக்க முடியுமாம். பட்டறையில சார் அதைத்தான் சொல்லித் தர்றாரு,” என்றான் பெட்டிக்காரன்.

“அதுக்கு எதுக்குடா கிளாஸு? நீதான் பிளஸ் டூவுலயே செஞ்சு காட்டிட்டியே,” என்றான் மற்றவன்.

“கேளுடா. படகுல வலை இழுக்குற கப்பி, த்ரீ-டி பிரிண்டர்ல அடிச்சேன். நாலு ஒடஞ்சிது. அஞ்சாவது ஜோரா சுத்துது. இன்னிக்குப் பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் சுத்தினாத்தான் பட்டறையில அடுத்த கட்டத்துக்கு எடுப்பாங்க. இல்லன்னா அவ்ளோதான்.”

புதுச்சத்திரம் தாண்டியதும் பெட்டிக்காரன் முன்னால் போய்ப் பெட்டியை எடுத்துவந்து திறந்தான். உள்ளே இருந்தது வட்டமாக இல்லை.

“கப்பின்னு சொன்ன, கொழுக்கட்டை வெச்சிருக்க?”

“கூட்டத்துல நசுங்கிடும்னுதான் மச்சான் அங்க வெச்சேன். இன்ஜின் சூட்டுல இளகிடுச்சு.”

“பிளாஸ்டிக்கை உருக்கித்தான செய்றீங்க? மீதி வேலையை டிரைவர் முடிச்சிட்டாரு. இவ்ளோ சீக்கிரமா யாரும் தோத்திருக்க மாட்டாங்க, சார் உன்னைக் கட்டிப்புடிச்சுக்குவாரு.”

பெட்டிக்காரன் கப்பியின் அச்சில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான். அரைச் சுற்றில் நின்றது.

“சரி விடு, போனதும் இன்னொண்ணு அடிச்சிடு.”

“ஆறு மணி நேரம் ஆவும்.”

பஸ் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை.