மதில் வகை மனிதன்

பறக்கிறவனையும் வேகமாக ஓடுகிறவனையும் ஒரே வகையில் வைப்பது தவறு. நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். பறக்கிறவன் மேலிருந்து பார்க்கிறான், அவனுக்கு நேரம் இருக்கிறது. ஓடுகிறவன் யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். காமிக்ஸில் இருவரும் ஒரே மாதிரி இறுக்கமான உடை போட்டிருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்வின் கோஸ்கி விஷயத்தில் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

மார்லிஸின் காமிக்ஸ் கடைப் பின்னறையில் ஞாயிறு மதியங்களில் கூடுவோம். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவை உருவாக்கிக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடும் விளையாட்டு. கதையை நடத்துகிறவன் நான். ஹீரோக்களை வகை பிரித்ததும் நான்தான். மதில், மின்னல், மூளை, வில்லாளி, உருமாறி. மதில் என்பவன் மற்றவர்களுக்கு முன்னால் நின்று அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறவன். அவன் திருப்பி அடிக்கிறானா என்பது முக்கியமில்லை. விழாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்வின் முதல் நாளே மதிலை எடுத்துக்கொண்டான். ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு.

"யோசிக்கிற வேலையெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. எவன் அடிச்சாலும் நின்னுக்கிட்டிருக்கேன். திங்க கறி வச்ச பாஸ்டி ரொட்டி மட்டும் சூடா இருக்கட்டும்" என்றான்.

"நீ நின்னா பரவாயில்ல. உக்காரும்போதுதான் என் நாற்காலி ஒண்ணொண்ணா உடையுது" என்றாள் மார்லிஸ்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தனி வீடு. குளிரில் கூரை மரம் விரிசல் விடும் சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பிறகு விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், கடைக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் கத்தியைக் காட்டி என் கார்ச் சாவியைக் கேட்டான். எல்வின் கடையிலிருந்து வந்து எங்கள் நடுவில் நின்றான். கையைக்கூட ஓங்கவில்லை. கத்தி அவன் கோட்டுக் கையைக் கிழித்தது. அப்போதும் நகரவில்லை.

"போயிடு தம்பி. எல்லாருக்கும் குளிருது" என்றான். கத்திக்காரன் போய்விட்டான்.

பிறகு என் தோளில் கை வைத்து, "ஏன்டா ஓரின் இப்படி நடுங்குற? அதான் நான் இருக்கேன்ல" என்றான்.

அன்று நான் தூங்கினேன். அதற்குப் பிறகும் தூங்கினேன். என் வகைகள் வெறும் விளையாட்டுக்கானவை அல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு நதீன் வந்தாள். அரிசோனாக்காரி, இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு வந்தவள். நல்ல பெண். இந்தப் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் எல்வினும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள்.

"கல்யாணம் முடிஞ்சதும் நாங்க அரிசோனா போறோம். இனிமே பனி தள்ள மாட்டேன்" என்றான் எல்வின். "என் மதிலை வேற யாருக்காவது குடுத்துரு ஓரின். போறவரைக்கும் உருமாறியா ஆடிப் பாக்குறேன்."

"நாப்பது வருஷமா நின்னது போதும். கொஞ்சம் உக்காரட்டும் விடுங்க" என்றாள் நதீன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருவன் தன் வகையை மாற்றிக்கொள்ள முடியாது. அப்படி மாற்றிக்கொள்கிறேன் என்று மதில் சொன்னால் அதற்கு இரண்டே அர்த்தம். தான் யார் என்பதை அவன் மறந்திருக்க வேண்டும், அல்லது அவன் மதிலாகவே இருந்ததில்லை. இரண்டாவதுதான் உண்மையென்றால் ஒரு வருஷமாக நான் எதை நம்பித் தூங்கினேன்? எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பக்கத்தில் இருக்கிறவருக்கு ஆபத்து வந்தால்தான் மதில் வெளிப்படும். அந்த ஆபத்தில் நானே இருக்கலாமா என்றும் யோசித்தேன். எனக்குத் தண்ணீரென்றால் பயம்.

ஏரி உறைந்ததும் எங்கள் ஊரில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைப் பனிக்கட்டியில் வரிசையாக நட்டுவைப்பார்கள். ஏரிமேலேயே போட்டிருக்கும் மீன்பிடிக் குடிசைகளுக்கு எந்த வழியாக நடந்தால் உடையாது என்பதற்கு அதுதான் அடையாளம். வரிசைக்குக் கிழக்கே ஆறு வந்து கலக்கிற இடம். மேலே பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும், கீழே ஓட்டம் இருப்பதால் கட்டி மெல்லிசு. ஒரு சனிக்கிழமை பனி பொழிந்து ஆள் நடமாட்டமில்லாதபோது சில மரங்களைப் பிடுங்கிக் கிழக்கே நட்டேன். விழுந்துகொண்டிருந்த பனி பழைய குழிகளை மூடிவிட்டது.

மறுநாள் எல்வினையும் நதீனையும் மீன் பிடிக்க அழைத்துப்போனேன். எல்வின் கரையில் சறுக்குவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். "நீ முன்னால போய் குடிசையில அடுப்பை மூட்டிவை. மரத்தைப் பாத்துக்கிட்டே போனா போதும்" என்று நதீனிடம் சொன்னேன். அவள் பாலைவனத்தில் வளர்ந்தவள். மரத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பனிக்கட்டி உடையும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தட்டு நழுவி விழுகிற மாதிரிதான் இருந்தது.

எல்வின் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். சறுக்குவண்டியிலிருந்த கயிற்றோடு நானும் பின்னால் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றேன். கிட்டே போனதும் குப்புற விழுந்து ஊர்ந்தான். அவன் பாரத்துக்கு அதுவும் உடைந்தது. தண்ணீருக்குள்ளிருந்து நதீனின் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினான். வழுக்கி விழுந்தாள், மறுபடி தள்ளினான். அவள் என் பக்கமாக ஊர்ந்து வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மதிலேதான்.

அவன் இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, "ஓரின், கயிறு" என்றான்.

கயிறு என் கையில் இருந்தது. மதிலுக்குக் கயிறு எதற்கு? அப்போது வீசியிருந்தால், பார்த்ததெல்லாம் வீணாகியிருக்கும்.

"போடுடா, என்னால முடியல" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "அப்படிச் சொல்லாதே எல்வின், எனக்குப் பயமா இருக்கு" என்றேன். நதீன் கயிற்றை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. என் மணிக்கட்டில் நீங்கள் காட்டிக் கேட்ட காயம் அவள் கடித்தது.

எல்வின் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. "நதீன், கிட்ட வராத. கரைக்குப் போ, கரைக்குப் போ" என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்வது குறைந்தது. பிறகு விளிம்பில் கைகள் இல்லை.

மரங்களை நகர்த்தினது நான். நதீனை அனுப்பினது நான். கயிற்றை வைத்துக்கொண்டே வீசாமல் நின்றதும் நான். இதில் மறைக்க எனக்கு எதுவுமில்லை. அவன் எங்களை விட்டுப் போகிறான் என்பதற்காகவே நான் கொன்றுவிட்டதாக நதீன் சொல்கிறாளாம். அவள் மின்னல் வகை, யோசிக்காமல் பேசுவாள். கடைசிவரை அவன் தனக்காக விளிம்பில் ஏற முயலாமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உருமாறி அல்ல என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். அதை அவனுக்காகக் காப்பாற்றிக் கொடுத்தது நான்.

நேற்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இந்தக் கதவுக்கு வெளியே யாராவது நடந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. போலீஸ்காரர்கள் நீங்கள் இரண்டு பேரும் என்னென்னவோ கேட்டுவிட்டீர்கள். எல்வின் போய்விட்டானே, இனி உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.