கழுகா, கொசுவா?

— கையை எடுங்கன்னா எடுங்க!

— நீ முதல்ல மவுசை விடு... அடுப்படியில இருந்தவ எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடி வர்ற?

— காலையில இருந்து சொல்றேன், 'அப்புறம், அப்புறம்'ங்கறீங்க. போன வாரம் அப்டேட்டை அமுக்கினது யாரு? நானா?

— அதுவா கேட்டுச்சு, 'இப்போதா, பிறகா'ன்னு. தினமும் கெஞ்சுதேன்னு 'இப்போ'ன்னுட்டேன்.

— ரொம்பத்தான் இரக்கம்! இப்ப என் எம்பிராய்டரி மெஷினை இந்தக் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியல. சாயங்காலம் பந்தாடுற பசங்க சட்டை கேட்டு வந்து நிப்பாங்க. நெஞ்சுல கழுகு இருக்கணும். ஒரு இறகுகூட விழல.

— கழுகில்லாம உதைச்சா கோல் விழாதா?

— ஏங்க!

— சரி... சரி. கத்தாதே.

— இதோ இருக்கு, 'பழைய பதிப்புக்குத் திரும்பு'. கொஞ்ச நாள் போனா இந்தப் பொத்தானே மறைஞ்சிடுமாம். அமுக்கறேன்.

— இரு, இரு! கீழே பொடி எழுத்துல என்னமோ...

— 'அப்டேட்டுக்குப் பிறகு ஏத்தின செயலிகள் எல்லாம் போயிடும்.' போகட்டுமே. நான் எதையும் ஏத்தல. நீங்க?

— நானா... நான் எதுக்கு...

— காது சிவக்குது.

— வெயில்.

— வீட்டுக்குள்ளயா?

— ... செஸ்.

— செஸ்ஸா! கம்ப்யூட்டரைப் பார்த்தாலே தலை சுத்துதுன்னு சொன்ன மனுஷன்!

— ஆன்லைன்ல 'கொசு'ன்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன். தினம் என்னைத் தோக்கடிச்சு மானத்தை வாங்கறான். இன்னிக்குத்தான் வசமா சிக்கினான். யானையை ஒரு நகர்த்து நகர்த்தினா அவன் ராணி காலி. இப்போ போய்...

— கழுகா, கொசுவா? சொல்லிடுங்க.

— தள்ளு. நானே அமுக்கறேன்.

— கண் கலங்குதே!

— யாருக்கு? ஸ்கிரீன் வெளிச்சம்... சுத்துது பார்... இன்னும் சுத்துது...

— வந்துடுச்சுங்க! மெஷின் பேரைக் காட்டுது!

— ஊசி இறங்குதா?

— இறங்குது, இறங்குது! அலகு வந்தாச்சு... கண்ணு வந்தாச்சு... என் ராசா!

— இந்த 'ராசா'வைக் கேட்டு எத்தனை காலமாச்சு! ஆமா... அந்தக் கொசுப் பய மட்டும், நான் பயந்து ஓடிட்டேன்னு நெனைச்சுச் சிரிப்பான்.

— நெனைக்க மாட்டான்.

— அது உனக்கெப்படித் தெரியும்?

— என் ராணி போயிடுமேங்கற பயத்துலதானே, போனும் கையுமா அடுப்படியில இருந்து அப்படி ஓடி வந்தேன்!