பச்சை க்ரேப்பும் ஊதா வெல்வெட்டும்

— மேலயும் ஏற மாட்டேங்குது, கீழயும் இறங்க மாட்டேங்குது. விலாவுல பாதி வழியில நின்னுடுச்சு. கடையில வேலை பாக்குறவங்க யாராவது இருக்கீங்களா?

— இருக்கேன் கண்ணு. ஐரிஸ்னு பேரு. சம்பளம் இல்லாத வேலை, அதனால ஓடி வர மாட்டேன், நடந்துதான் வருவேன். என்ன ஜிப்பு அது, பித்தளையா?

— பித்தளைதான்.

— அப்ப இழுக்காதே. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், நின்னுபோன எதையும் அதட்டக் கூடாது. இந்த ட்ரையல் ரூம் திரைய விலக்கிட்டு உள்ள வரலாமா?

— வாங்க. திரும்ப மூடிடுங்க.

— ஐயோ கண்ணு. இந்தப் பச்சை கவுன் நேத்து மூட்டையில வந்தப்போ வாடின கீரைக்கட்டு மாதிரி கிடந்துச்சு. நான்தான் கழுவி மாட்டினேன். இதுவா அது?

— க்ரேப் துணி. துணிய நேரா வெட்டாம குறுக்கு வாட்டத்துல வெட்டித் தைச்சிருக்கு, அதான் உடம்போட ஒட்டிப் போகுது. உள்பக்கம் பாருங்க, ஓரமெல்லாம் கைத்தையல். யுத்த காலத்துது. துணிக்கே ரேஷன் இருந்தப்போ எவளோ ஒருத்தி மிச்சம் பிடிச்சுத் தைச்சிருக்கா. பொத்தான் பூரா கண்ணாடி, ஒண்ணுகூட விழல.

— நீ என்ன, மியூசியத்துல வேலையா?

— பள்ளிக்கூடத்துல சமையல். பேரு மேவிஸ். சனிக்கிழமையானா இந்த டாட்மர்டன் ஊர்ல இருக்கிற பழந்துணிக் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்குவேன். உங்களை இங்க பாத்ததில்லையே?

— சேந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. எனக்கு எல்லாம் ஒரே துணிக் குவியலாத்தான் தெரியுது. நீ எப்படிக் கண்டுபிடிக்கிற?

— கண்ணால தேடினா ஒண்ணும் கிடைக்காது. கம்பியில தொங்குறது மேல கைய மட்டும் ஓடவிடணும். பாலியஸ்டர், பாலியஸ்டர், பாலியஸ்டர்னு போய்க்கிட்டே இருக்கும். சட்டுனு விரல் நிக்கும். பட்டு. அப்ப நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும் பாருங்க, அதுக்குத்தான் அலையுறது. போன மாசம் குளியல் துண்டுக் கூடைக்கு அடியில ஒரு கைப்பை கிடைச்சுது, முதலைத் தோல். உள்ள பழைய நாடக டிக்கெட் ரெண்டு, ஒண்ணு கிழிச்சது, ஒண்ணு கிழிக்காதது. யாரு வராமப் போனாங்கன்னு ஒரு வாரம் தூக்கமே வரல.

— நல்ல ஆளு நீ. கொக்கியில தொங்குற இந்தக் கோட்டும் பாவாடையும் உன்னுதா? இதுவும் இங்க எடுத்ததா?

— அது புதுசு. ஆறிப்போன டீ கலர். எட்னா வாங்கித் தந்தா.

— எட்னா யாரு?

— நான் கட்டிக்கப் போறவரோட அக்கா. ரெண்டு மணிக்கு டவுன் ஹால்ல எனக்கும் அவருக்கும் கல்யாணம்.

— இன்னிக்கா? மணி ஒண்ணே காலு ஆச்சே கண்ணு.

— தெரியும். நான் போவேனாங்கிறதுதான் தெரியல.

— சரி, அசையாம நில்லு. ஜிப்புக்குப் பென்சில் முனையத் தேச்சா வழுக்கிட்டுப் போகும். கல்லாவுல கிடக்கும், எடுத்துட்டு வரேன். அப்படியே பக்கத்து ரூம்ல ஒருத்தர் ரொம்ப நேரமா இருக்காரு, அவரையும் ஒரு பார்வை பாத்துடறேன். ஐயா, ஜாக்கெட் சரியா இருக்கா? ஐயா?

— சத்தம் போடாதீங்கம்மா. உள்ள வாங்க. திரைய மூடுங்க.

— ஏன் ராசா குசுகுசுன்னு பேசறீங்க? தொண்டை கட்டிக்கிச்சா?

— மெதுவா, மெதுவா. என் பேரு சிரில். பக்கத்து ரூம்ல இருக்கிறது, நான் கட்டிக்கப் போறவ.

— மேவிஸா?

— கல்யாணத்தன்னிக்கு முன்கூட்டியே மாப்பிள்ளை பொண்ணைப் பாத்தா ஆகாதும்பாங்கல்ல. அவ குரல் கேட்டதுலயிருந்து மூச்சக்கூட அடக்கிட்டு நிக்கிறேன்.

— நீங்க எதுக்குய்யா இந்த நேரத்துல இங்க வந்தீங்க?

— எட்னா எடுத்து வச்ச சாம்பல் கோட்டப் போட்டுக் கண்ணாடியில பாத்தேன். சவப்பெட்டி தூக்க வந்தவன் மாதிரி இருந்தேன். மேவிஸுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு தேடலாம்னு ஓடி வந்தேன். நான் பியானோவுக்குச் சுதி சேக்கிறவன், துணியப் பத்தி என்ன தெரியும்? அவ பண்ற மாதிரியே கைய ஓடவிட்டேன். இதுல வந்து விரல் நின்னுடுச்சு.

— ஊதா வெல்வெட்டு. கழுத்துப்பட்டை பட்டு. ராசா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

— இருக்கட்டும். அவ போவேனா மாட்டேனான்னு சொன்னா, கேட்டீங்களா? என்னைப் பிடிக்கலையான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.

— ஐரிஸ், பென்சில் கிடைச்சுதா?

— கிடைச்சுது கண்ணு, இதோ வந்துட்டேன். கையத் தூக்கு. இப்படித் தேச்சுக்கிட்டே இருக்கேன், நீ பேசு. அந்த மாப்பிள்ளை என்ன, குடிகாரனா? முன்கோபியா?

— ரெண்டும் இல்ல. அஞ்சு வருஷம் முன்னால, இப்படி ஒரு கடையில ட்வீட் கம்பளிக் கோட்டு ஒண்ணோட ஒரு கைய நான் பிடிச்சேன், இன்னொரு கைய அவரு பிடிச்சாரு. எனக்கு அது அழகு, அவருக்கு அது குளிருக்கு. உடனே விட்டுக்கொடுத்துட்டாரு. மழையில நடுங்கிக்கிட்டே போனாரு. நான் பின்னாலயே ஓடிப் போய்ப் போர்த்தி விட்டேன்.

— அப்புறம் என்னடி குறை?

— அந்தக் குணம்தான். எனக்கு விட்டுக்கொடுத்த மாதிரி எட்னாவுக்கும் விட்டுக்கொடுக்கிறாரு. அவரு வீட்டு மாடி ரூமு என் துணிக்குன்னு பேச்சு. அலமாரி மூணு நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் நான் தேடித் தேடிச் சேத்தது. இப்ப எட்னா அந்த ரூமுக்குக் குடி வராளாம். செத்தவங்க துணியெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிப் போடச் சொல்லுன்னு அவருகிட்ட சொன்னா. என் எதிர்லயே.

— அதுக்கு அவரு என்ன சொன்னாரு?

— பாக்கலாம்னாரு. நான் தனியா நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் பாக்கலாம்தான். அந்தச் சொல்லக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துறது ஐரிஸ்? எனக்கு அவரு வேணும். ரொம்ப வேணும். ஆனா வீட்டுக்குள்ள ஒளிஞ்சு வாழ முடியாது.

— அட, ஏறிடுச்சு பாரு. பொட்டுச் சத்தம் இல்லாம மேல போயிடுச்சு. திரும்பு. கண்ணு, இத நீ கழட்டவே கூடாது.

— கழட்டல. போறதா இருந்தா இதப் போட்டுக்கிட்டுத்தான்.

— நில்லு, பக்கத்து ரூம்காரர் திரைய ஆட்டுறாரு. என்ன ராசா?

— கேட்டேன். எல்லாம் கேட்டேன். ஒரு போன் பண்ணணும்.

— பண்ணினா உங்க குரல் அந்தப் பக்கம் கேக்குமே.

— கேக்கட்டும்மா. எட்னா? நான் சிரில். இல்ல, நான் வீட்டுல இல்ல. கேளு முதல்ல. மாடி ரூம்ல மேவிஸோட அலமாரிதான் வரும். மூணும். இல்ல, நீ வர வேண்டாம், உன் வீட்டுலயே இரு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. பாக்கலாம்னு நான் சொன்னது தப்பு, அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். கத்தாதே எட்னா. சாம்பல் கோட்டா? அது கட்டில் மேல கிடக்கு. நான் ஊதா போட்டிருக்கேன். ஆமா, வெல்வெட்டு. எவனோ செத்தவனோடதாத்தான் இருக்கும், மகராசன் நல்லா உடுத்தியிருக்கான். ரெண்டு மணிக்கு வந்துடு. வெக்கிறேன்.

— ஐயையோ! பஸ்ஸுல பிரேக்கு போனப்பகூட நான் இப்படி நடுங்கல. மேவிஸ், கேட்டியா கண்ணு?

— கேட்டேன். சிரில், கண்ண இறுக்க மூடிக்கோ. நான் முதல்ல வெளிய போறேன், வாசல் பக்கம் மாட்டியிருக்கிற வெள்ளிக் கலர் தொப்பியையும் எடுத்துக்கிட்டு டவுன் ஹால் படியில நிக்கிறேன். பத்து நிமிஷம் கழிச்சு நீ வா.

— மூடிட்டேன் மேவிஸ். ஆனா நீ ஏன் கொஞ்சங்கூடத் திகைக்கவே இல்ல?

— எதிர்க்கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தப்போ நீ இந்தக் கடைக்குள்ள ஓடுறதப் பாத்தேன். ஒரு மாசமா நேர்ல சொன்னது உன் காதுல ஏறல, ஒளிஞ்சு நின்னு கேட்டா ஏறும்னுதான் உன் பக்கத்து ரூமா பாத்து வந்து நின்னேன்.