மடியில் இரண்டு டிரான்ஸ்பார்மர்

சங்கராபுரம் பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் ஒருவர், பழைய நியான் விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய, செங்கல் அளவு இரண்டு டிரான்ஸ்பார்மர்களை மடியில் வைத்திருந்தார். கரண்டு என்றாலே பயப்படும் எனக்கு அந்தத் தூரம் போதவில்லை.

“யோவ், இடி இடிச்சா டிவி வயர புடுங்கற ஆளு நீ. வூட்டுல மின்னல் வுடப்போறியா?” என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

“ரெண்டையும் சேத்துக் கட்டினா நான் சுத்தி வச்சிருக்கற கம்பிச் சுருள்லேர்ந்து மொழ நீளம் ஊதா மின்னல் வரும்மே.”

“ஆள அடிக்காதா?”

“தொட்டாத்தான்.”

“நீ தொடுவ. உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்றது?”

அவர் சட்டைப் பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தார். “சுருளு இருக்கற நம்ம கொட்டாயில புடுங்கிக்கினு வந்தது. நீயே வச்சிக்க. நீ குடுத்தாத்தான் கரண்டு.”

மனைவி அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

இறங்கும்போது ஒரு டிரான்ஸ்பார்மர் அந்த அம்மாளின் இடுப்பில் இருந்தது. “இன்னா கலருன்னு சொன்ன?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.